பன்மையம்: ‘டீசென்ட்ரலைஸ்டு’ என்ற சொல்லும் ஆளில்லாத துறைகளும்

மண்டபத்தில் கடற்பாசி ஆராய்ச்சி செய்யும் தோழி ஒருவர் 2022 நவம்பரில் போன் செய்தார். “அண்ணே, எங்க ஆளுங்க பாதிப் பேரு ட்விட்டரை விட்டுட்டு மாஸ்டடானுக்குப் போறாங்க. நானும் போறேன். அதைப் பத்தி எங்க மலருக்கு அரைப் பக்கம் எழுதணும். டீசென்ட்ரலைஸ்டுன்னா தமிழ்ல என்ன போடுறது?”

மாஸ்டடான் என்பது ட்விட்டர் மாதிரி ஒரு சமூக ஊடகம், ஆனால் ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாதது. கொஞ்சமும் யோசிக்காமல் “மையமற்ற-ன்னு போடும்மா” என்றேன். அச்சாகியும் விட்டது. அந்தச் சொல் தப்பு என்று எனக்கு உறைக்க இரண்டு வருஷம் ஆனது. அதற்குள் அவரே மாஸ்டடானிலிருந்து கிளம்பியிருந்தார்.

தப்பைச் சரிசெய்யச் சொல்லின் அடியிலிருந்து வர வேண்டும். சென்டர் என்பது லத்தீனின் சென்ட்ரும். அது கிரேக்கத்தின் கென்ட்ரான். கென்ட்ரான் என்றால் குத்தும் முனை. மாட்டைக் குத்தி ஓட்டும் கோலுக்கும் கிரேக்கர்கள் அந்தப் பேரைத்தான் சொன்னார்கள். அதாவது நம்மூர் வண்டிக்காரர் கையில் இருந்த தார்க்குச்சி. வட்டம் வரையும்போது கவராயத்தின் ஒரு கால் தாளில் குத்தி நிற்கிறதே, அந்தக் குத்திய புள்ளிக்கும் அதே பேர் வந்தது. இன்னொரு பக்கம் இந்தச் சொல் கிரேக்க வானியலோடு இந்தியாவுக்கு வந்து வடமொழியில் ‘கேந்திரம்’ ஆயிற்று. ஜாதகத்தில் 1, 4, 7, 10ஆம் வீடுகளைக் கேந்திரம் என்கிறார்கள். ஆக, சென்டரும் கேந்திரமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஜோசியர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

முன்னால் ‘டி’ சேர்ந்தால் விலக்கு. டீசென்ட்ரலைஸ் என்பது முதலில் ஆட்சி பற்றிய சொல். எல்லாமே பாரிசில் குவிந்து கிடக்கிறது, மாகாணங்களுக்கும் பிரித்துக் கொடுங்கள் என்று பிரெஞ்சுக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாதிட்டபோது பரவியது. அதனால்தான் தமிழிலும் அது முதலில் ‘அதிகாரப் பரவலாக்கம்’ என்று வந்தது. பஞ்சாயத்து ராஜ் பேச்சு எழும்போதெல்லாம் இந்தச் சொல்லைக் கேட்கிறோம். தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம் வேறு வழக்கு. இலங்கையில் ‘பன்முகப்படுத்தப்பட்ட நிதி’ என்பார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் தன் பகுதிக்கென்று செலவிடும் பணம் அது. இத்தனை குறுகிய கடலுக்குள் ஒரே சொல்லுக்கு இரண்டு தமிழ்.

கணினிக்காரர்கள் இந்தச் சொல்லை எடுத்தபோது பொருள் கூர்மையானது. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பால் பேரன் என்ற பொறியாளர் 1964இல் செய்தித் தொடர்பு வலையமைப்புகள் பற்றி எழுதியபோது மூன்று படங்கள் போட்டார். முதல் படத்தில் நடுவில் ஒரே புள்ளி, எல்லாக் கோடும் அதில் போய் முடிகிறது. வண்டிச் சக்கரம் மாதிரி. மூன்றாவது படத்தில் நடு என்று எதுவுமே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளிகளோடு முடிந்து கிடக்கும். நம்மூரில் யாரிடம் காட்டினாலும் ‘வலை’ என்றுதான் சொல்வார்கள். கண்ணி கண்ணியாக, முடிச்சு முடிச்சாக. இரண்டாவது படம் இரண்டுக்கும் இடைப்பட்டது. அங்கங்கே சில நடுப்புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சிறு கூட்டம், நடுப்புள்ளிகள் தங்களுக்குள் கோடு போட்டு இணைந்திருக்கும். பேரன் டீசென்ட்ரலைஸ்டு என்று பெயர் வைத்தது இந்த இரண்டாவது படத்துக்கு. வலைக்கு அவர் கொடுத்த பெயர் டிஸ்ட்ரிபியூட்டட்.

இங்கேதான் நான் சறுக்கினேன். ‘மையமற்ற’ என்பது மூன்றாவது படம். ‘பரவலாக்கிய’ என்றால் மேலே ஒருவர் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தார் என்று ஆகும். மாஸ்டடானை யாரும் அப்படிப் பிரித்துக் கொடுக்கவில்லை. ‘பன்முக’ என்பது இலங்கைக்குச் சரி. நம் பக்கம் ‘பன்முக ஆளுமை’ என்று மேடைக்கு மேடை பொன்னாடை போர்த்தி அந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டோம். படத்துக்குப் பொருந்துவது ‘பன்மைய’. பன்மையச் சமூக ஊடகம். மையம் ஒழியவில்லை, பெருகியிருக்கிறது. ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு என்பதையும் இந்தச் சொல் மறைக்காது.

அந்த மையங்கள் கூடி இயங்குவதற்கு ஃபெடரேஷன் என்று பேர். லத்தீனின் ஃபோடஸ், உடன்படிக்கை. இந்தியத் தமிழில் கூட்டாட்சி, இலங்கையில் சமஷ்டி. 1949இல் தொடங்கிய இலங்கைத் தமிழரசுக் கட்சியை ஆங்கிலத்தில் ஃபெடரல் பார்ட்டி என்றதும், அவர்கள் காலமெல்லாம் சமஷ்டி கேட்டதும் இக்கரையில் பழைய ஆட்களுக்கு நன்றாக நினைவிருக்கும். சமூக ஊடகத்துக்கு ‘ஆட்சி’ எதற்கு? ‘கூட்டிணைப்பு’ போதும். ஃபெடரேஷனையும் யூனிவர்ஸையும் ஒட்டவைத்து ஃபெடிவர்ஸ் என்கிறார்கள். அதற்குத் தமிழ் தேட எனக்கு ஆசையில்லை.

மாஸ்டடானை ஜெர்மனியில் ஆய்கன் ரோஷ்கோ 2016இல் உருவாக்கினார். பேர், அழிந்துபோன ஒரு விலங்கினுடையது, யானைக்குத் தூரத்து உறவு. அதன் கடைவாய்ப்பல் முலைக்காம்பு போல இருந்ததால் கூவியே என்ற பிரெஞ்சு அறிஞர் கிரேக்கத்தில் ‘முலைப்பல்’ என்று பொருள்படப் பேர் வைத்தார். இதில் யார் வேண்டுமானாலும் ஒரு வழங்கி, அதாவது சர்வர், நடத்தலாம். அதுதான் ஒரு மையம். வழங்கிகள் ஆக்டிவிட்டிபப் என்ற பொது விதிமுறையில் பேசிக்கொள்ளும். உலக வலைச் சங்கமான டபிள்யூ3சி 2018 ஜனவரியில் அதை ஏற்றது. ஒரு வழங்கியில் இருப்பவர் இன்னொரு வழங்கியில் இருப்பவரைப் பின்தொடரலாம். இதை விளக்க எல்லாரும் மின்னஞ்சலைக் காட்டுவார்கள்: ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்கு அஞ்சல் போகிறதில்லையா, அது மாதிரி.

2022 அக்டோபர் 27இல் ஈலான் மஸ்க் ட்விட்டரை வாங்கி முடித்தார். வானியலாளர், வரலாற்றாளர், பத்திரிகையாளர், கணினிப் பாதுகாப்புக்காரர் என்று துறை துறையாகப் புறப்பட்டார்கள். அக்டோபரில் மாதத்துக்கு 3 லட்சம் பேர் அளவில் புழங்கிய மாஸ்டடானில் நவம்பரில் 25 லட்சம் பேர் புழங்கினார்கள் என்று ரோஷ்கோவே எழுதினார். அந்த உச்சம் நிலைக்கவில்லை. யாரும் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறவில்லை. நங்கூரம் பிடிக்காத வள்ளத்தை நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், இழுத்துக்கொண்டு போவது போலத்தான் நடந்தது. காலையில் பார்த்தால் இங்கே நின்ற வள்ளம் எங்கேயோ நிற்கும்.

ஏன் என்று யோசித்தபோது அந்த மின்னஞ்சல் உவமையிலேயே சிக்கினேன். மின்னஞ்சலும் பன்மையம்தான். அதைவிட்டு எந்த மருத்துவரும் வக்கீலும் ஓடவில்லையே? வித்தியாசம் இதுதான். யாருக்கு எழுதுகிறோம் என்று தெரிந்த பிறகுதான் அஞ்சல். தொழில்காரர் சமூக ஊடகத்துக்குப் போவது இன்னும் பேர் தெரியாத ஆளைத் தேடி. தோழிக்கு வேண்டியது, மரிக்கொழுந்துப் பாசி பற்றித் தன்னைப் போலவே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர். அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியாது. பன்மையத்தில் அந்த ஆள் எந்த மையத்தில் இருக்கிறார் என்பதும் தெரியாது.

தேடலாமே என்றால், 2023 செப்டம்பரில் 4.2 பதிப்பு வரும்வரை மாஸ்டடானில் பதிவுகளின் உள்ளே இருக்கும் சொல்லைப் பொதுவாகத் தேட வழியில்லை. ஹேஷ்டேக் இட்டிருந்தால் உண்டு. அதன்பிறகும், என் பதிவைத் தேடலாம் என்று எழுதியவர் ஒப்புக்கொடுத்திருக்க வேண்டும். சண்டைக்கு ஆள் தேடி வருகிற கூட்டத்தைத் தடுக்கத் தெரிந்தே அப்படி வைத்தார்கள். காரணம் நல்ல காரணம்தான். ஆனால் ஒரு நிருபர் ‘கச்சத்தீவு’ என்று அடித்துப் பார்த்துக் கையை விரித்துக்கொண்டு எழுந்தால் மறுபடி ஏன் வருவார்? ஒருவர் பதிவை மேற்கோள் காட்டிக் கருத்துச் சொல்லும் வசதியும் 2025 கடைசி மாதங்களில்தான் வந்தது. பதிவுக்கு வந்த பதில்களெல்லாம் வெகுநாள் எல்லா வழங்கியிலும் தெரிந்ததுமில்லை. நாலு பேர் ஏற்கெனவே சொன்னதை ஐந்தாமவர் புதிதாகச் சொல்லிக்கொண்டிருப்பார். அதுபோக, பதிவுக்கு அங்கே முதலில் ‘டூட்’ என்று பேர், யானைப் பிளிறல். ஆங்கில வழக்கில் அதற்குக் காற்றுப் பிரிவது என்றும் ஒரு பொருள் உண்டு. பேராசிரியர்கள் கூச்சப்பட்டார்கள். 2022 நவம்பரில் அதை மாற்றிவிட்டார்கள்.

மையத்துக்குச் சொந்தக்காரர் உண்டு என்றேனே, அதில் வந்த வினைகள் தனி. பத்திரிகையாளர்களுக்கென்று ஜர்னா.ஹோஸ்ட் என்ற வழங்கி 2022 கடைசியில் எழுந்தது. அங்கே எழுதுவோர் மீது மனத்தாங்கல் கொண்ட பல வழங்கிகள் அதை மொத்தமாகத் தடுத்தன. ஒருவர் செய்த தப்புக்கு அத்தனை பேரின் வாசலும் அடைபட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவலகங்களுக்காக 2022 ஏப்ரலில் தொடங்கிய வழங்கி, ஏற்று நடத்த வேறு அலுவலகம் முன்வராமல் 2024 மேயில் மூடப்பட்டது. ஃபயர்ஃபாக்ஸ் தரும் மொசில்லாவும் தன் வழங்கியை 2024 டிசம்பரில் மூடியது. இராமேசுவரம் சாலையில் அந்தக் காலத்துச் சத்திரங்களை நினைத்துக்கொள்ளலாம். கட்டளை எழுதிவைத்தவர் குடும்பம் நொடித்தால் மறுநாள் அடுப்பு எரியாது, யாத்ரீகர் அடுத்த சத்திரத்துக்கு நடக்க வேண்டும். மாஸ்டடானிலும் நடக்கலாம். பின்தொடர்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம், பழைய பதிவுகளை எடுத்துப்போக முடியாது. எழுதியதுதான் ஆதாரம் என்று வாழும் தொழில்காரருக்கு இது கசக்கும்.

இத்தனை குறைகளையும் அடுக்கிக் காட்டியபோது பாம்பனில் படகு வைத்திருக்கும் என் மாமா ஒருவர் சொன்னது வேறு. “மாப்ள, வழியெல்லாம் சின்னச் சின்ன இறங்குதுறை இருக்குல்ல. மீனு அங்கயும்தான் ஏறுது. பத்துப் பெட்டி மீனுக்கு எவன் ஐஸ் வண்டி அனுப்புவான்?”

அவர் கணக்கு சரி. வண்டி வருவதால் படகு வருகிறது, படகு வருவதால் வண்டி வருகிறது. சரக்கு குறைவு என்று நினைக்கிற இடத்துக்கு இரண்டும் வராது. நிருபருக்கு வேண்டிய ஆட்சியர் அலுவலகமும் வானிலை மையமும் எக்ஸ் என்று பேர் மாறிய ட்விட்டரில்தான் எழுதுகின்றன. அவர் மாஸ்டடானில் எத்தனை நாள் தனியாக உட்கார்ந்திருப்பார்?

இந்த இடத்தில் இன்னொரு சொல் தானாக வந்து மாட்டியது. புரொஃபெஷனல் கம்யூனிட்டிக்குத் ‘தொழில்முறைச் சமூகம்’ என்று எழுதுகிறோம். கடற்கரையில் அது குழப்பும். இங்கே ‘தொழிலுக்குப் போறது’ என்றால் மீன்பிடிக்கப் போவது மட்டும்தான், ஆசிரியர் பள்ளிக்கூடத்துக்கும் டாக்டர் ஆஸ்பத்திரிக்கும் ‘வேலைக்கு’ப் போவார்கள். புரொஃபெஷனின் லத்தீன் வேரில் பலர் அறிய அறிவிப்பது என்ற பொருள் இருக்கிறது. தமிழில் இதற்கு ஏற்கெனவே ‘துறை’ இருக்கிறது. மீன்வளத் துறை, மருத்துவத் துறை. படகு கரையணையும் இடமும் துறை. நீரில் இறங்கும் படியும் துறை. எதிர்க்கரையில் பருத்தித்துறை, காங்கேசன்துறை. கல்விப் பிரிவுக்கு இந்தச் சொல்லைக் கொடுத்த பழந்தமிழர் என்ன நினைத்தாரோ, ஒரு துறையினர் என்பவர் ஒரே இடத்தில் இறங்குகிறவர்கள் என்ற பொருள் அதற்குள் அப்படியே கிடக்கிறது. ‘துறையினர்’ என்றே எழுதலாம்.

துறையைச் சிதறாமல் வைத்தவர்கள் தங்கியும் இருக்கிறார்கள். கணினிப் பாதுகாப்புக்காரர்களுக்கு இன்ஃபோசெக்.எக்ஸ்சேஞ்ச், கணித அறிஞர்களுக்கு மாத்ஸ்டடான். பின்னதில் சமன்பாட்டை அச்சில் வருவது போலவே எழுதலாம் என்பதால் அவர்களுக்குப் பெரிய வசதி. ஜெர்மன் அரசு அலுவலகங்களுக்கும் சொந்த வழங்கி ஓடுகிறது. மற்றவர்களில் பலர் புளூஸ்கைக்கு நகர்ந்தார்கள். 2024 பிப்ரவரியில் எல்லாருக்கும் திறந்த அந்தத் தளம் நவம்பரில் 2 கோடிக் கணக்குகளைத் தாண்டியது. அங்கே ‘ஸ்டார்ட்டர் பேக்’ என்று ஒன்று: ஒரு துறையினர் பட்டியலை யாராவது தொகுத்து வைத்தால் ஒரே தட்டில் அத்தனை பேரையும் பின்தொடரலாம். முதல் நாளே துறையில் ஆள் நிற்கும். புளூஸ்கையும் தன்னை டீசென்ட்ரலைஸ்டு என்றுதான் சொல்லிக்கொள்கிறது. ஆனால் கணக்குகளில் பெரும்பாலானவை அந்த நிறுவனத்தின் வழங்கிகளிலேயே இருக்கின்றன. அதைப் பன்மையம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மனசுக்குள் பன்மையம், நடப்பில் ஒருமையம்.

போன மாதம் தோழி மறுபடி கூப்பிட்டார். மலரை மறுபதிப்புப் போடுகிறார்களாம். ‘மையமற்ற’ இருக்கும் நாலு இடத்திலும் ‘பன்மைய’ என்று திருத்தச் சொன்னேன்.

“சரிண்ணே. கட்டுரைக்கு அடியில என் மாஸ்டடான் முகவரி இருக்கே, எடுத்துரவா?”

அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தேன். கடைசிப் பதிவு, பாறையில் அப்பிக் கிடக்கும் மரிக்கொழுந்துப் பாசியின் படம். அதற்குக் கீழே யாரோ ஒருவர், இது எத்தனை அடி ஆழத்தில் எடுத்தது என்று கேட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது.