'மீதி ஒட்சிசன்' அல்ல, சேமக்காற்று

இந்தப் பருவத்தில் மட்டும் நிலாவெளிக் கரையில் மூன்றாவது தடவை கேட்டுவிட்டேன். சுழியோடப் போகிறவர்களுக்குப் பயிற்றுநர் ஆங்கிலத்தில் விளக்குகிறார். பக்கத்தில் நிற்கும் தம்பி தமிழாக்குகிறார்: "மீதி ஒட்சிசன் 50 வந்தா எனக்குக் காட்டுங்கோ." 50 என்பது சிலிண்டரின் அழுத்தம், 'பார்' என்ற அலகில். முதல் இரண்டு சொல்லும் பிழை.

ஒட்சிசன் பிழையை ஒரே வரியில் முடிக்கலாம். சிலிண்டரில் இருப்பது நாம் மூச்சு விடுகிற அதே காற்று, அமுக்கி அடைத்தது. தனி ஒட்சிசனோடு 6 மீற்றருக்குக் கீழே போனால் வலிப்பே வரலாம்.

அவர் தமிழாக்க முயன்ற சொல் 'ரிசேவ்': ஆபத்துக்கென்று சிலிண்டரில் தொடாமல் வைக்கிற காற்று. இலத்தீனில் பின்னுக்கு வைத்துக் காத்தல் என்று பொருள். பழைய சிலிண்டர்களின் வாயில் ஒரு நெம்பு இருந்தது. அழுத்தமானி பரவாத காலம் அது. மூச்சு இழுக்கக் கடினமானதும் நெம்பை இழுத்தால், தடுத்து வைத்த கொஞ்சக் காற்று கிடைக்கும். மோட்டார் சைக்கிள் 'ரிசேவில விழுந்திட்டுது' என்கிறோமே, அதே ஏற்பாடு.

இனி 'மீதி'. சாப்பிட்டு எழும்பிய பிறகு சட்டியில் கிடப்பது மீதி. எவ்வளவு கிடக்கும் என்று உலை வைக்கும்போது யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இந்தக் காற்றையோ கடலில் குதிக்க முன்பே கணக்குப் பார்த்தாக வேண்டும், அதுவும் இரண்டு பேருக்கு. 30 மீற்றரில் கூட்டாளியின் காற்று தீர்ந்துவிட்டது என்று வையுங்கள். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 20 லீற்றர், இருவருக்கும் 40. அடியில் அழுத்தம் 4 பார், மேற்பரப்பைப்போல் நான்கு மடங்கு; காற்றும் நான்கு மடங்கு போகும். நிதானப்பட 2 நிமிடம் என்றால் 320 லீற்றர். நிமிடத்துக்கு 10 மீற்றர் வீதம் ஏற 3 நிமிடம், சராசரி 2.5 பார், 300 லீற்றர். ஏறும் வழியில் பாதுகாப்புக்காக 5 மீற்றரில் 3 நிமிடம் தரித்து நிற்க, 1.5 பார், 180. ஆக 800 லீற்றர். 11 லீற்றர் சிலிண்டரில் அது ஏறத்தாழ 73 பார். தம்பி சொன்ன 50 எங்கே?

அந்த 50 நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவில் பழகிய எண். அங்கே 12 மீற்றரில் இதே கணக்கைப் போட்டால் 40 பாருக்குள் அடங்கிவிடும். அதையே ஆழத்துக்கும் காவிப் போகிறார்கள். 'மீதி' என்ற சொல்லுக்கும் இதில் பங்குண்டு என்பேன். மீதி எவ்வளவு கிடந்தாலும் மீதிதானே.

'மீதி'யைவிட எனக்கு எரிச்சல் தருவது, கொஞ்சம் படித்தவர்கள் எழுதுகிற 'ஒதுக்கீட்டு வாயு'. அகராதியில் முதல் வரியைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறவர்களின் வேலை இது. ஒதுக்கீடு என்றால் என்னவென்று எந்த அலுவலகத்திலும் கேளுங்கள்: டிசம்பர் முடிவதற்குள் செலவழித்துத் தீர்க்க வேண்டிய காசு. செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். தொடக்கூடாத காற்றுக்கு, தீர்த்தே ஆக வேண்டியதன் பெயரா? 'வாயு' வேறு. அந்தச் சொல்லைக் கேட்டாலே எங்கள் வீட்டில் உள்ளி இடிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஒட்சிசன் கூட்டிய கலவையை நிரப்பினாலும் 'செறிவூட்டிய காற்று' என்றுதானே சொல்லப் போகிறோம்? காற்று போதும்.

நான் சொல்வது சேமக்காற்று. சேமம் 'க்ஷேமம்' அல்லவா, வடமொழி அல்லவா என்று தனித்தமிழ் நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். இருக்கட்டும். போர்க்களத்தில் ஏறிய தேர் முறிந்தால் ஏறிக்கொள்ள வைத்திருந்த மாற்றுத் தேருக்குச் சேமத்தேர் என்று பெயர். வில் ஒடிந்தால் எடுக்கச் சேமவில். முன்கூட்டியே எடுத்து வைத்தது, ஆபத்துக்கு மட்டும் தொடுவது, உயிரைக் காப்பது என்ற மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக அடித்துத் திருத்த என்ன இருக்கிறது? படகோட்டி 'ரிசேவ்' என்றால் எனக்குச் சண்டையில்லை, அவருக்கு விளங்குகிறது. தமிழில் சொல்கிறேன் என்று புறப்படுகிறவரோடுதான் வழக்கு.

போன கிழமை அந்தத் தம்பியின் எழுதுபலகையில் 'சேமம் 75' என்று நானே எழுதிக் கொடுத்தேன். படகில் இருந்த ஐயா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன தம்பி, சேமலாப நிதியோ?"