பெயர் இல்லாத தகடு: காணாமற்போன ஜெர்மன் வீரர்களைத் தேடிய முறை

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படைவீரர் ஒவ்வொருவரும் கழுத்தில் அணிந்திருந்த நீள்வட்டத் தகட்டில் அவருடைய பெயர் இராது. தகட்டை முதலில் வழங்கிய படைப்பிரிவின் சுருக்கப் பெயர், அப்பிரிவின் பட்டியலில் அவருக்குரிய எண், பெரும்பாலும் இரத்த வகை ஆகியவை மட்டுமே தகட்டின் இரு பாதிகளிலும் ஒன்றுபோலப் பொறிக்கப்பட்டிருந்தன. வீரர் இறந்தால் நடுவிலுள்ள துளைக்கோட்டில் தகட்டை முறித்து, கீழ்ப்பாதியை இறப்பு அறிக்கையோடு அனுப்பிவிட்டு, மேற்பாதியை உடலோடு விட்டுவிடுவார்கள். அந்த எண்ணுக்கு உரியவர் யார் என்று சொல்லும் பட்டியல்கள், 1939 ஆகஸ்டில் பெர்லினில் தொடங்கப்பட்ட இராணுவத் தகவல் அலுவலகத்தில் சேர்ந்தன. ஒருவர் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டாலும் பழைய தகடே அவரிடம் இருந்தது. ஆகவே மண்ணுக்கடியில் கிடைக்கும் தகட்டைப் பார்த்து அவர் எங்கே போரிட்டார் என்று முடிவுகட்ட முடியாது. பட்டியலைத் தேடி எடுத்தால்தான் அவர் யார் என்பதே தெரியும்.

இந்த ஏற்பாடு இயங்க வேண்டுமானால், அறிக்கை எழுத யாராவது உயிரோடு எஞ்சியிருக்க வேண்டும். ஸ்டாலின்கிராடிலும், 1944 கோடையில் பெலாரஸிலும் படைப்பிரிவுகள் முழுமையாகச் சுற்றிவளைக்கப்பட்டபோது, தகட்டை முறிக்க வேண்டியவரும் அறிக்கை எழுத வேண்டிய அதிகாரியும் சேர்ந்தே மாண்டனர் அல்லது சிறைப்பட்டனர். குடும்பங்களுக்குக் கிடைத்தது 'காணவில்லை' என்ற ஒற்றைச் சொல்தான். கணவர் இறந்தாரா இல்லையா என்பது உறுதியாகாமல் மறுமணம், சொத்துரிமை எல்லாம் சிக்கலில் கிடந்த பெண்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு கொடுமையானது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1945-இல் பிளென்ஸ்பர்க் நகரில் தொடங்கி, பின்னர் ஜெர்மன் செஞ்சிலுவைச் சங்கத்தின் கீழ் வளர்ந்த தேடல் சேவையின் அடிப்படை மிக எளிது. தேடுபவருக்கு ஓர் அட்டை, தேடப்படுபவருக்கு ஓர் அட்டை. ஒருவரையொருவர் தேடும் இருவரின் அட்டைகள் ஒரே பெயரின் கீழ் வந்து சேரும்போது விடை கிடைத்துவிடும். எழுத்து வேறுபட்டாலும் ஒலி ஒத்த பெயர்களை ஒரே இடத்தில் அடுக்கியதால், மாயர் என்னும் பெயரைப் பலர் பலவிதமாக எழுதியிருந்தும் அட்டைகள் சிதறிப்போகவில்லை.

ஆனால் இறந்தவர் தம்மைத் தேடச் சொல்லி அட்டை எழுதுவதில்லை. அங்கே சாட்சி தேவைப்பட்டது. 1950-இல் மேற்கு ஜெர்மனியில் காணாமற்போனோர் விவரங்கள் பரவலாகப் பதிவுசெய்யப்பட்டன. அவற்றைக் கொண்டு 1950-களின் இறுதியில் ஏறத்தாழ 14 லட்சம் பேரின் பெயர்களும், அவர்களில் பலரது படங்களும் அடங்கிய 225 தொகுதிகள் அச்சிடப்பட்டன. அவற்றைப் படைப்பிரிவு வாரியாக அமைத்ததுதான் இந்த வேலையின் உண்மையான நுட்பம் என்பேன். போர்க்கைதியாக இருந்து திரும்பிய ஒருவருக்கு லட்சக்கணக்கான முகங்களைக் காட்டிப் பயனில்லை. அவரோடு ஒரே பிரிவில் இருந்தவர்களை மட்டும் காட்டினால், பெயர் மறந்திருந்தாலும் முகம் நினைவுக்கு வரும். "இவரை முகாம் மருத்துவமனையில் பார்த்தேன்" என்ற ஒரு வாக்குமூலம் இடத்தையும் காலத்தையும் தந்துவிடும்.

நேரில் கண்டவர் எவருமே இல்லாத நிலையில், அந்தப் பிரிவு கடைசியாக எங்கிருந்தது, அங்கே என்ன சண்டை நடந்தது, அதிலிருந்து மீண்டவர்கள் என்ன சொன்னார்கள் என்பவற்றை ஒப்பிட்டு, இன்ன போரில் அவர் இறந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று வல்லுநர்கள் தனித்தனியே அறிக்கை எழுதினார்கள். இது நிகழ்தகவைச் சார்ந்த முடிவே. உடல் கிடைத்ததற்கு ஈடாகாது.

சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு மாஸ்கோவின் ஆவணக் காப்பகங்களிலிருந்த போர்க்கைதிகளின் கோப்புகள் கிடைத்தபோது, பழைய பெயர்ச் சிக்கல் புதிய வடிவில் திரும்பியது. ரஷ்ய எழுத்தர்கள் ஜெர்மன் பெயர்களைக் காதால் கேட்டு எழுதியிருந்தார்கள். ரஷ்ய மொழியில் 'ஹ' ஒலிக்கு நேரான எழுத்து இல்லாததால் ஹார்ட்மான் பெரும்பாலும் கார்ட்மான் ஆனார். பெயரை மட்டும் நம்பாமல் பிறந்த ஆண்டு, தந்தை பெயர், சொந்த ஊர் ஆகியவற்றையும் சேர்த்துப் பொருத்திப் பார்த்துத்தான் ஆளை உறுதிசெய்ய முடிந்தது. பெர்லின் அலுவலகத்தின் பட்டியல்கள் 2019 முதல் ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளன. கிழக்கு ஐரோப்பாவில் போர்க்கல்லறைப் பராமரிப்புச் சங்கத்தினர் எலும்புகளோடு தோண்டியெடுக்கும் தகடுகளின் எண்கள் இன்றும் அந்தப் பட்டியல்களோடுதான் ஒப்பிடப்படுகின்றன.