கேலக்சிக்குத் தலைமாடு கால்மாடு கிடையாது

"சித்தப்பா, இத்தனை கேலக்சியையும் யாரு உக்காந்து பாக்குறது?" 2025 ஜூனில் சிலி நாட்டில் உள்ள வேரா ரூபின் வானாய்வகம் முதல் படங்களை வெளியிட்டபோது மன்னார்குடியிலிருந்து அண்ணன் மகன் கேட்டது. நியாயமான கேள்விதான். கேலக்சி என்றால் கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம்; பத்து வருஷத்தில் அப்படிச் சுமார் 2,000 கோடி அதில் பதிவாகும் என்கிறார்கள். நொடிக்கு ஒன்று என்று தூங்காமல் பார்த்தாலும் 600 வருஷத்துக்கு மேல் ஆகும்.

2007-லேயே இந்த மலைப்பு வந்துவிட்டது. வானத்தைத் தொலைநோக்கியால் படமெடுத்துத் தொகுக்கும் ஸ்லோன் வானாய்வு எடுத்த சுமார் 9 லட்சம் கேலக்சிப் படங்களை இணையத்தில் போட்டு, சுருளா உருண்டையா, சுருள் என்றால் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பொதுமக்களிடமே கேட்டார்கள். 'கேலக்சி ஸூ' என்று பெயர். அப்படிச் சேர்ந்த பதில்கள்தான் அப்புறம் கணினிக்குப் பாடம். அது ஒரு சின்னச் சதுரத்தைப் படம் முழுக்க நகர்த்தி கோடு, வளைவு என்று பொறுக்கும், பதில் தப்பினால் தனக்குள் கணக்குப் போடும் எண்களைத் துளி திருத்திக்கொள்ளும், மறுபடி, மறுபடி.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். வாசல் கோலத்தைப் பால்காரர் தெருவிலிருந்து பார்க்கிறார், அம்மா திண்ணையிலிருந்து பார்க்கிறாள், இருவருக்கும் அது ஒரே கோலம். கணினிக்கு அப்படியில்லை. அதற்குப் படம் என்பது அடுக்கிய எண்கள். லேசாகத் திருப்பினாலே எல்லா எண்ணும் இடம் மாறி, வேறு படமாகிவிடும். வானத்திலோ மேல் கீழ் ஏது? அதனால் கணினியை வைத்துக் கேலக்சிகளை வகைபிரிக்க 2014-ல் நடந்த போட்டியில் வென்ற சாண்டர் டீலமன் என்பவர், ஒரே கேலக்சியைத் திருப்பித் திருப்பிக் காட்டியே கணினியைப் பழக்கினார்.

எவ்வளவு திருப்பினாலும் சுற்றும் திசை மட்டும் மாறாது, அதை மாற்றக் கண்ணாடிப் பிம்பம் வேண்டும். கேலக்சி ஸூவில் இடஞ்சுழிக் கேலக்சிகள் கூடுதலாக இருப்பதாகப் பதில்கள் வந்தன. பிரபஞ்சமே ஒருபக்கம் சாய்ந்திருக்கிறதா? படங்களைக் கண்ணாடிப் பிம்பமாக மாற்றிக் காட்டினார்கள். நியாயப்படி வலஞ்சுழி கூடியிருக்க வேண்டும், அப்போதும் இடஞ்சுழிதான் கூடியது! கோளாறு வானத்தில் இல்லை, பார்த்த நம் கண்ணில். அந்தப் பதில்களை அப்படியே ஊட்டினால் கணினியும் அதே கோளாறோடுதான் வளரும்.

ஸ்லோன் படங்கள் இன்றும் இலவசம், திருவாரூரில் ஒரு பிள்ளை கைபேசியிலேயே பார்க்கலாம். குருப்பெயர்ச்சிக்கு ஆலங்குடிக்குச் சிறப்புப் பேருந்து விடுகிற நாம், அந்தக் குருவைக் காட்ட ஒரு தொலைநோக்கியைப் பள்ளிக்கு வாங்கித் தரமாட்டோம் என்பது என் நெடுநாள் எரிச்சல்.

போன மார்கழியில் அம்மா போட்ட சுழிக்கோலத்தைப் படமெடுத்து, இடம்வலம் புரட்டி அவளிடமே காட்டினேன். கண்ணாடியைக்கூடப் போடவில்லை. "இது யாரு வீட்டு வாசல்?" என்றாள்.