ஒரு மில்லிமீட்டர் புடைப்பு: ஸ்கூட்டர் மிரர் வாங்கும் முன்

மே மாத சீசனில் பர்லியாறிலிருந்து குன்னூர் ஏறும் ஸ்கூட்டர்காரருக்கு, முன்னால் ஊரும் வரிசையைவிட முதுகை ஒட்டி வரும் டூரிஸ்ட் வேன்தான் கவலை. அது எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று சொல்வது உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்று. அந்தக் கண்ணாடியோ தூரத்தை ஏறத்தாழ இரு மடங்காக்கித்தான் சொல்லும்.

காரணம், அது லேசாகப் புடைத்த குவி ஆடி. 10 செ.மீ. அகலச் சமதள ஆடி ஒன்று கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருந்தால், 20 மீட்டர் பின்னால் மூன்றரை மீட்டர் அகலம் தெரியும். ஒரு லேன், அவ்வளவுதான். குவி ஆடியை ஒரு பெரிய உருண்டையின் துண்டாக நினைத்தால், அந்த உருண்டையின் ஆரம்தான் வளைவு ஆரம்; அது குறையக் குறையப் புடைப்பு கூடும். வளைவு ஆரம் 120 செ.மீ. உள்ள குவி ஆடியில் தெரியும் அகலம் ஏழு மீட்டருக்குப் பக்கம். ஓவர்டேக் செய்ய விலகும் ஜீப்பும் கண்ணில் படும். ஆனால் அதே இடத்துக்குள் இரு மடங்கு காட்சியை அடைத்தால் எல்லாமே பாதியாகச் சுருங்கத்தானே வேண்டும்? 20 மீட்டரில் வரும் பஸ் 40 மீட்டரில் வருவதுபோல் தெரிகிறது. அந்த பஸ் உங்களைவிட மணிக்கு 18 கி.மீ. கூடுதல் வேகத்தில் வந்தால் நான்கே விநாடியில் எட்டிவிடும். தூரத்தை வைத்துக் கணக்குப் போடும் மனசு எட்டு விநாடி இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும்.

இருசக்கர வாகனக் கண்ணாடிகளுக்கான ஐ.நா. விதிமுறை வளைவு ஆரத்தை 100 முதல் 150 செ.மீ. வரை என்று கட்டிப்போட்டிருப்பது இதனால்தான். ஃபேன்சி மிரர்கள் பலவற்றின் அட்டையில் இந்த எண்ணே இருக்காது. கடையிலேயே அளந்துவிடலாம். 10 செ.மீ. நீள ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பைக் கண்ணாடியின் குறுக்கே வையுங்கள். நடுவில் தொடும், இரு முனைகளும் தூக்கி நிற்கும். இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்படி பிடித்துக்கொண்டு, ஒரு முனையில் ஏ.டி.எம். கார்டைச் செருகிப் பாருங்கள். கார்டின் தடிமன் முக்கால் மில்லிமீட்டர். ஆரம் 120 செ.மீ. என்றால் இடைவெளி ஒரு மில்லிமீட்டர். ஒரு கார்டு போய் இரண்டாவது போகாவிட்டால் ஏறத்தாழச் சரி. இரண்டும் தாராளமாக நுழைந்தால் அது அளவுக்கு மீறிப் புடைத்தது. 60 செ.மீ. ஆரத்தில் பஸ் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

எவ்வளவு நல்ல மிரரும் கைவிடும் இடம் ஹேர்பின். ஆடி எவ்வளவு திரும்புகிறதோ அதைப்போல் இரு மடங்கு அதில் தெரியும் திசை திரும்பும். ஹேண்டில்பாரை 15 டிகிரி ஒடித்தால், அதோடு திரும்பும் மிரரின் பார்வை 30 டிகிரி நகர்ந்துவிடும். அதுவும் தப்பான பக்கம். வலப்பக்கம் வளையும்போது பார்வை பின்னால் இடதுபுறமாக ஓடுகிறது. நீங்கள் வந்த சாலையோ வலதுபுறம் பின்னால் கிடக்கிறது. ஊட்டி–மசினகுடி கல்லட்டிப் பாதையின் 36 ஹேர்பின் வளைவுகளிலும் இதே கதைதான்: வளைவின் நடுவில் மிரர் காட்டுவது சாலைக்கு வெளியே உள்ள சரிவை. ஹேண்டில் நேராக இருக்கும்போதே, வளைவுக்கு முன் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். திருப்பி நிமிர்ந்ததும் இன்னொரு முறை.

மிரர் கம்பியின் நீளத்தை ஜெர்கின் போட்டுக்கொண்டு பாருங்கள். சமவெளியில் சட்டையோடு சரியாக இருந்த கண்ணாடியில், ஊட்டிக் குளிரில் பாதி உங்கள் தோள்தான் தெரியும். உள்விளிம்பில் முழங்கை ஒரு கீற்றாகத் தெரிந்தால் போதும். கம்பி மெலிந்ததாகவும் இருக்கக் கூடாது: நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் எஞ்சின் விநாடிக்கு 50 தடவை அதை உலுக்கும், படம் கலங்கிவிடும். நீலப் பூச்சுக் கண்ணாடி இரவில் ஹெட்லைட் கூச்சத்தைக் குறைக்கும். மூடுபனி இறங்கிய மதியத்திலோ இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் தின்றுவிடும். மலையில் எனக்கு அது வேண்டாம்.

காலையில் கண்ணாடியில் பனி பூத்திருப்பது, இரவில் அது சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுவதால். துடைத்த பிறகு துளி சோப்பை மெல்லத் தேய்த்துவிட்டால், படியும் ஈரம் மணிமணியாகத் திரளாமல் ஏடுபோல் பரவும். அதன் வழியே பின்னால் வருவது தெரியும். ஒரு மழை பெய்தால் மறுபடி தேய்க்க வேண்டும்.