பிளேட்லெட்டைச் சுற்றி ஒரு கிடுகு வேலி

மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்தில், ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்டின் கணக்கு வீட்டுக்கு வீடு பாடம். டெங்கு, பப்பாசி இலைச்சாறு, காலையும் மாலையும் ரத்தப் பரிசோதனை. அதனால்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 12,000 என்று ரிப்போர்ட் வந்தபோது தாய்க்கு விளங்கவில்லை. "காய்ச்சலே இல்லைத் தம்பி, பிறகெப்பிடி இறங்கும்?"

பிள்ளை ஓடி விளையாடிக்கொண்டுதான் இருந்தது. கணுக்காலைச் சுற்றி மட்டும் குண்டூசியால் குத்தினது போலச் சிவப்புப் புள்ளிகள். கண்ணாடிக் கிளாஸை வைத்து அழுத்தினாலும் மறையவில்லை. ஒரு மைக்ரோலீற்றர் ரத்தத்தில் குறைந்தது 150,000 பிளேட்லெட் இருக்க வேண்டும்.

வைத்தியர்கள் இதை ஐ.டி.பி. (இம்யூன் திரொம்போசைட்டோபீனியா) என்பார்கள். கிருமியைப் பிடிக்க வேண்டிய நம் உடம்பின் பிறபொருளெதிரிகள் நம் பிளேட்லெட்டிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். மண்ணீரலில் உள்ள விழுங்கும் கலங்கள் அவற்றைப் பிடித்துத் தின்றுவிடும். 1950ல் வில்லியம் ஹாரிங்டன் என்ற அமெரிக்க வைத்தியர் இந்த நோயாளி ஒருவரின் ரத்தத்தைத் தனக்கே ஏற்றிப் பார்த்தார். சில மணி நேரத்திலேயே அவருடைய பிளேட்லெட் அடியோடு விழுந்துவிட்டது. இன்றைக்கு அப்படிச் செய்ய எவரும் அனுமதிக்க மாட்டார்கள், ஆனால் குற்றவாளி ரத்தத்திலேயே இருக்கிறான் என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

மண்ணீரலை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்க முடியாது. மண்ணீரலை அகற்றியும் சிலருக்குக் குணமாவதில்லை. இங்கேதான் சீனி வருகிறது. சீனி வருத்தத்தை நினைக்க வேண்டாம். இது பிளேட்லெட்டின் மேற்பரப்புப் புரதங்களில் முளைத்து நிற்கும் சீனிச் சங்கிலி. அதன் நுனியில் சியாலிக் அமிலம், அதற்கடியில் கலக்டோஸ்.

நம்மூர்க் கிடுகு வேலியை நினைத்துக்கொள்ளுங்கள். கிடுகு உக்கி விழுந்து கதியால் தெரிந்தால், வேலி பழசு என்று தெருவால் போகிறவனுக்கும் தெரியும். சியாலிக் அமிலம்தான் கிடுகு. பிளேட்லெட் ஏழு முதல் பத்து நாள் வரை ஓடித் திரியும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். கலக்டோஸ் வெளியே தெரிந்ததும் கல்லீரலில் உள்ள ஆஷ்வெல்-மோரல் ஏற்பி அதைப் பிடித்து உள்ளே இழுத்துவிடும். அதோடு, புதிய பிளேட்லெட் செய்யச் சொல்லி எலும்பு மச்சைக்குத் திரொம்போபொயட்டின் என்ற ஹோர்மோனையும் கல்லீரல் அனுப்பும். பழசை எடுத்த கையோடு புதுசுக்கு ஓர்டர்! இந்த ஏற்பியைத் தேடி யாரும் போகவில்லை. ஆஷ்வெல், மோரல் என்ற இரண்டு ஆய்வாளர்களும் செம்பைச் சுமக்கும் ஒரு ரத்தப் புரதத்தை ஆராயப்போய்த்தான் இதில் முட்டினார்கள்.

ஐ.டி.பி.யில் சிலருக்கு இந்த வேலி வயதாகாமலே பிய்க்கப்படுகிறது. பிளேட்லெட்டில் உள்ள ஜிபி 1பி என்ற புரதத்தைப் பிறபொருளெதிரி பிடித்தால், உள்ளே ஒரு சமிக்ஞை ஓடி, சியாலிக் அமிலத்தை வெட்டும் நியூராமினிடேஸ் நொதி மேற்பரப்புக்கு வந்துவிடும். நேற்றுப் பிறந்த பிளேட்லெட்டும் பழசு போலத் தெரியும். கல்லீரல் ஏமாந்து எடுத்துவிடும். மண்ணீரலுக்கு இதில் வேலையே இல்லை.

இரத்த வங்கியில் செங்குருதிக் கலங்களைக் குளிரூட்டியில் வைக்கிறார்கள், பிளேட்லெட் பையை மட்டும் சுமார் 22 பாகையில் ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் வைக்கிறார்கள். குளிர் பட்டால் ஜிபி 1பி புரதங்கள் ஒன்றாகத் திரண்டு சீனி நுனிகளும் மாறிவிடும். ஏற்றிய பிளேட்லெட் உடம்பில் தங்காது.

இன்ஃபுளுவென்சா வைரசிடமும் ஒரு நியூராமினிடேஸ் உண்டு. அதைத் தடுக்கும் ஒசல்டாமிவிர் மாத்திரையை ஐ.டி.பி.க்கும் கொடுத்துப் பார்த்தார்கள். சீனாவில் நடந்த ஒரு சோதனையில், டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தை மட்டும் எடுத்தவர்களைவிட, அதோடு ஒசல்டாமிவிரையும் சேர்த்து எடுத்தவர்களில் கூடுதலானோருக்குப் பிளேட்லெட் எண்ணிக்கை ஏறியது. இன்னும் வழமையான மருந்தாகவில்லை. காய்ச்சல் மாத்திரை என்று நீங்களாகப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. சின்னப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு ஐ.டி.பி. சில மாதங்களில் தானாகவே மாறிவிடும், இவனுக்கும் மாறியது. தாய் மட்டும் இன்னும் குளிக்க வார்க்கும்போது அவன் காலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறா.