தண்ணீர் துப்பினாலும் எஞ்சின் சூடாகும்

சில மாதங்களுக்கு முன் முட்டம் பக்கத்திலிருந்து ஒரு வள்ளக்காரர் தன் 9.9 குதிரைத்திறன் மண்ணெண்ணெய் மோட்டாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். "அண்ணே, பத்து நாளைக்கு முன்னாடிதான் புது இம்பெல்லர் போட்டேன். தண்ணியும் வருது. ஆனா அரை மணி நேரம் ஓடினா சூடாகி இழுவை போயிடுது" என்றார்.

கீழ்ப்பகுதியை இறக்கிப் பார்த்தேன். கடல்நீரை இழுத்து எஞ்சினைக் குளிர்விக்கும் பம்பில் சுற்றும் ரப்பர் சக்கரம்தான் இம்பெல்லர். அது புதியதுதான், அதைத் தண்டோடு பூட்டும் சாவியும் சரியாக இருந்தது. ஆனால் பம்பிலிருந்து எஞ்சினுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய், அதற்கான ரப்பர் வாய்க்குள் உட்காராமல் ஓரத்தில் முட்டி நின்றிருந்தது. பம்ப் தள்ளிய தண்ணீரில் பெரும்பகுதி மோட்டாரின் காலுக்குள்ளேயே கொட்டி, மிச்சம்தான் மேலே ஏறியிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது தண்ணீர் பீச்சும் பக்கவாட்டு ஓட்டையில் ஒல்லியாகத் தண்ணீர் வந்ததை நம்பி அவர் கடலுக்குப் போயிருக்கிறார். அதற்குள் பிஸ்டனில் கோடு விழுந்துவிட்டது. ரப்பர் வாயைச் சரியாகப் பொருத்த ஐந்து நிமிடம் போதும்; பிஸ்டன் வேலை முடியும்வரை அவர் நான்கு நாள் தொழிலுக்குப் போகவில்லை.

அந்தப் பக்கவாட்டு ஓட்டை ஒன்றைத்தான் சொல்லும்: பம்ப் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. எவ்வளவு ஏற்றுகிறது, அது சிலிண்டரைச் சுற்றி முழுதாக ஓடுகிறதா என்பதையெல்லாம் சொல்லாது. அதனால் வருகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்காதீர்கள். நேற்று எவ்வளவு வேகத்தில், எவ்வளவு தூரம் பீச்சியது என்பது உங்களுக்குத் தெரியும். அதைவிடக் குறைந்தால் அன்றைக்கே கவனியுங்கள். முதலில் அந்த ஓட்டையில் கெட்டியான தூண்டில் நரம்பை விட்டுக் குத்திப் பாருங்கள். உப்பு அடைத்திருந்தால் அதோடு தீர்ந்துவிடும். கம்பியால் குத்த வேண்டாம், உள்ளே இருக்கும் குழாய் கிழியும்.

நம் கரையில் பம்ப் சீக்கிரம் தேய்வதற்கு மணல்தான் பெரிய காரணம். வள்ளத்தை இறக்கும்போதும் கரை பிடிக்கும்போதும் முழங்கால் தண்ணீரில் எஞ்சினை ஓட்டுகிறோம். அலை கலக்கிய மணல் பம்புக்குள் போய், இம்பெல்லரின் ரப்பர் இதழ்களையும் அவை உரசிச் சுற்றும் ஸ்டீல் கிண்ணத்தையும் அராவிவிடுகிறது. கிண்ணத்திலும் அடித்தகட்டிலும் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால், இம்பெல்லரை மட்டும் மாற்றிப் பயனில்லை. மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இன்னொன்று, பார்வைக்குப் புதிதாகத் தெரியும் இம்பெல்லரிலும் நடுவில் இருக்கும் உலோகப் புஷ்ஷிலிருந்து ரப்பர் விட்டுப்போயிருக்கலாம். கையால் சுற்றினால் சுற்றும், வேகம் கூடினால் வழுக்கும். புஷ்ஷை ஒரு கையால் பிடித்து ரப்பரை முறுக்கிப் பார்த்துவிடுங்கள்.

இதழ் ஒன்று ஒடிந்திருந்தால் அந்தத் துண்டு எங்கே என்று தேடாமல் எஞ்சினை மூடக் கூடாது. அது தண்ணீரோடு மேலே போய் வழியில் எங்காவது அடைத்துக்கொள்ளும். அப்புறம் எத்தனை புதுப் பம்ப் போட்டாலும் சூடு குறையாது.

எப்போது சூடாகிறது என்பதைக் கவனித்து வந்து சொன்னால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. மெதுவாக ஓடும்போது தண்ணீர் குறைந்து, வேகம் கொடுத்தால் சரியாகிறது என்றால் பெரும்பாலும் இதழ் தேய்ந்திருக்கும். மெதுவாக ஓடும்போது ஒன்றுமில்லை, வேகத்தில்தான் சூடு என்றால் தண்ணீர் இழுக்கும் வாயிலோ உள் வழியிலோ அடைப்பு இருக்கலாம், அல்லது மோட்டார் உயரமாகத் தொங்கி காற்றை இழுக்கலாம். தண்ணீர் நன்றாக வந்தும் சூடு என்றால், எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை மறித்து, சூடேறியதும் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைப் பார்க்க வேண்டும். ஓட்டையில் ஆவியும் குமிழும் வந்து, ஒரு பிளக் மட்டும் கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தால் சிலிண்டருக்கும் அதன் மூடிக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

தெர்மோஸ்டாட் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அது அடைத்துக்கொண்டால் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். மண்ணெண்ணெய் நன்றாக ஆவியாக எஞ்சினுக்குப் போதிய சூடு வேண்டும். அதனால்தான் பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் கரி பிடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் மண்ணெண்ணெய் ஆயிலில் இறங்கி ஆயிலை நீர்க்கவைக்கும். கழற்றி எறியும் முன் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். திறந்தால் உப்பை நீக்கித் திரும்பப் போடலாம், திறக்காவிட்டால் புதிது வாங்குங்கள்.

கடலில் வைத்துத் தண்ணீர் நின்றுவிட்டால் "கரை வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டாதீர்கள். அலுமினிய பிஸ்டன் சூட்டில் விரிந்து, ஆயில் படலம் கருகி, சிலிண்டரைப் பிடித்துக்கொள்ள அதிக நேரம் ஆகாது. வேகத்தைக் குறைத்து, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். மோட்டாரைத் தூக்கி, தண்ணீர் இழுக்கும் வாயைப் பாருங்கள். பிளாஸ்டிக் பை, வலைத்துண்டு, சொறி மீன் என்று அங்கே ஏதாவது ஒட்டியிருப்பதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். எஞ்சின் மேல் கடல்நீரை வாரி ஊற்றாதீர்கள். கொதிக்கும் உலோகம் சட்டென்று குளிர்ந்தால் வெடிப்பு விழும். அரை மணி நேரம் தானாக ஆறட்டும்.

கரைக்கு வந்ததும் பெரிய டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, இழுக்கும் வாய் மூழ்கும்படி மோட்டாரை இறக்கி, நியூட்ரலில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். இரண்டு நிமிடம் போதாது. சூடேறி தெர்மோஸ்டாட் திறந்தால்தான் உள்ளே இருக்கும் உப்பு வெளியேறும். சத்தம் கேட்டுப் பார்ப்பதற்காகத் தண்ணீர் இல்லாமல் கிளப்பாதீர்கள். இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் உயவு. காய்ந்து ஓடினால் சில நொடிகளில் கருகிவிடும்.

பம்பை எப்போது மாற்றுவது என்று கேட்பவர்களுக்கு, தினமும் தொழிலுக்குப் போகிற மோட்டார் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்கிறேன். கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையில் கிடக்கும் ஆனி, ஆடி நாட்களில் ஒருமுறை கட்டாயம். வள்ளத்தில் ஒரு டப்பாவில் பிளக், பிளக் ஸ்பானர், ஸ்குரூடிரைவர், ஒரு சாண் தூண்டில் நரம்பு எப்போதும் இருக்கட்டும். எஞ்சின் கிளம்பாமல் வள்ளம் நீரோட்டத்தில் இழுபடத் தொடங்கினால் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம். போன் சிக்னல் இருக்கும் தூரத்திலேயே அழைத்துவிடுங்கள்.