ஆர்த்தோ-கே: கண்ணுக்கு எதுக்கு எலும்பு டாக்டர்?

அக்கா மகளுக்கு ஒன்பது வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. போர்டில் எழுதுவது தெரியவில்லை என்று இரண்டாம் வகுப்பில் கண்ணாடி போட்டாள். இரண்டே வருடத்தில் பவர் மைனஸ் ஒன்றிலிருந்து இரண்டே முக்காலுக்கு வந்துவிட்டது. "ஆர்த்தோ-கே யோசிச்சுப் பாருங்க" என்றாராம் கண் டாக்டர். இரவில் மட்டும் கண்ணில் போட்டுத் தூங்கும் லென்ஸ் வைத்தியம் அது. அக்கா வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா கேட்டது: "கண்ணுக்கு எதுக்குடி எலும்பு டாக்டரு?"

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊரில் 'ஆர்த்தோ' என்றால் மாவுக்கட்டுதான். ஆனால் அந்தச் சொல்லில் எலும்பே கிடையாது. கிரேக்கத்தில் 'ஆர்த்தோஸ்' என்றால் நேரான, சரியான. பிள்ளைகளின் உடல் கோணலைச் சரிசெய்வதைக் குறிக்க, 1741-இல் நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர் ஆர்த்தோஸோடு குழந்தை என்ற கிரேக்கச் சொல்லைச் சேர்த்தார், அதுதான் ஆர்த்தோபீடிக்ஸ். எலும்பு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

முழுப்பெயர் ஆர்த்தோகெரட்டாலஜி. நடுவில் இருக்கும் 'கெரஸ்' என்றால் கொம்பு. நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டினுக்கும் அதுவே வேர். லத்தீனிலும் கொம்பு 'கொர்னு', அதிலிருந்து கார்னியா, அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் கண்ணின் முன்பக்கப் படலம். கண்ணுக்கும் கொம்புக்கும் என்ன சம்பந்தம் என்றால், கொம்பை மெலிதாகச் சீவினால் வெளிச்சம் ஊடுருவும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் லாந்தருக்குக் கண்ணாடிக்குப் பதில் கொம்புத் தகடே வைத்தார்கள்.

தமிழில் கார்னியாவுக்குப் பள்ளிப் புத்தகம் தரும் சொல் விழிவெண்படலம். கண்தான விளம்பரங்களில் அதையே கருவிழி என்கிறார்கள். ஒருவர் வெள்ளை என்கிறார், ஒருவர் கறுப்பு என்கிறார். பொருளோ நிறமே இல்லாதது. பின்னால் இருக்கும் கறுப்பு அதன் வழியாகத் தெரிகிறது, அவ்வளவுதான். எனக்குக் கருவிழி போதும். ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவருக்கும் புரியும்.

அக்கா மகளுக்கு இருக்கும் கிட்டப்பார்வை விஷயம்தான் இன்னும் குழப்பம். கிட்டத்தில் இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது மங்கும் என்பதால் கிட்டப்பார்வை. எது ஒழுங்காக இருக்கிறதோ அதன் பெயரே நோய்க்கு! ஆனால் வீட்டில் நாம் "பிள்ளைக்குத் தூரப்பார்வை கோளாறு" என்போம். புத்தகத்தில் தூரப்பார்வை என்பது இதற்கு நேர் எதிரான குறை. மையோபியா என்ற கிரேக்கச் சொல் வேறு வழியில் போகிறது: மூடுவது, கண் என்ற இரண்டும் சேர்ந்தது. போர்டைப் பார்க்க இவள் கண்ணை இடுக்குவாளே, அதே இடுக்கல்தான் அந்தப் பெயர்.

அடுத்தது வில்லை, அதாவது லென்ஸ். லத்தீனில் 'லென்ஸ்' என்பது ஒரு பருப்பு. தோல் நீக்காத முழு மைசூர்ப் பருப்பு ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் லேசாகப் புடைத்து, ஓரம் மெலிந்து, அசல் லென்ஸ். பிரெஞ்சில் இன்றும் பருப்புக்கும் கண்ணில் போடுவதற்கும் ஒரே சொல்தான், 'லான்த்தீய்'. பாண்டியில் பிரெஞ்சு படித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நமக்கோ கற்பூர வில்லை, சோப்பு வில்லை, கலெக்டர் ஆபீஸ் டபேதாரின் டவாலியில் பித்தளை வில்லை. தட்டையாக வட்டமாக இருந்தால் வில்லை.

சரி, இந்த வில்லை என்ன செய்கிறது? இரவில் தூங்கும்போது மட்டும் போடும் கெட்டியான லென்ஸ் இது; ஆக்சிஜனை உள்ளே விடும் பொருளால் ஆனது. உட்புறம் நடுவில் தட்டையாகவும், அடுத்த வளையத்தில் கூடுதல் வளைவாகவும் இருக்கும். அடியில் உள்ள கண்ணீர்ப் படலத்தின் அழுத்தத்தால் கருவிழியின் மேல்தோல் நடுவில் மெலிந்து சுற்றிலும் தடிக்கிறது. கருவிழி சுமார் அரை மில்லிமீட்டர் கனம். இதில் மாறுவது ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. காலையில் கழற்றிவிட்டால் பகலெல்லாம் கண்ணாடி இல்லாமல் தெரியும். ஈரத்தலையைப் பின்னிக்கொண்டு படுத்தால் காலையில் முடி அலை அலையாக இருக்குமே, அதே கதை. பின்னாமல் விட்டால் முடி பழையபடி ஆகிவிடும். வில்லையை நிறுத்தினால் கருவிழியும் அப்படியே.

பகலிலேயே போடும் லென்ஸால் இதைச் செய்த அமெரிக்கக் கண் பரிசோதகர் ஜார்ஜ் ஜெசன் 1962-இல் வைத்த பெயர் ஆர்த்தோஃபோகஸ். இரவு முழுக்கப் போடும் வகைக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2002-இல் அனுமதி தந்தது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்வதற்குக் காரணம் வேறு. அவர்களுக்குப் பவர் ஏறுவது பெரும்பாலும் கண் நீளவாக்கில் வளர்வதால். ஹாங்காங்கில் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளிடம் செய்து 2012-இல் வெளிவந்த ஆய்வில், கண்ணாடி போட்டவர்களைவிட இதைப் போட்டவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் அந்த வளர்ச்சி 43 சதவீதம் குறைவு. குறைவுதான், நின்றுவிடவில்லை.

அதனால் 'கிட்டப்பார்வை நீக்கம்' என்று எழுதுவதை நான் ஒப்பமாட்டேன். முறைக்குக் 'கருவிழிச் சீரமைப்பு' சரியாக வரும். பல் சீரமைப்பு என்றால் புரிகிறதே. கருவிக்கு 'இரவு வில்லை'. வேகமாகச் சொன்னால் 'இரவில்லை' ஆகிவிடும், பார்த்துச் சொல்லுங்கள்.

கெரஸ் என்ற வேர் இன்னொரு இடத்திலும் வரும்: கெரடைட்டிஸ், கருவிழி அழற்சி. இரவு வில்லையில் பயப்பட வேண்டியது அதற்குத்தான். குழாய்த் தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழிக்குள் புகுந்தால் பார்வைக்கே ஆபத்து. கேன் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் எதுவும் வில்லையில் படக்கூடாது. கழுவுவதற்கென்று தரும் திரவம் மட்டும்தான். கண் சிவந்து வலித்தால் அன்றிரவு வில்லை கிடையாது, நேரே டாக்டரிடம்.

இப்போது தினமும் ஒன்பது மணிக்கு அம்மாவின் குரல் கேட்கிறது: "சோப்புப் போட்டுக் கையக் கழுவுனியா? ஈரம் போகத் தொடச்சியா? அப்புறம் தொடு அந்த வில்லைய."